பாலுக்குக் கலப்படம், அமிலத்துக்கு மட்டும் ஏன் நீர்த்தல்?

கேள்வி: நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மாதத் தேர்வில் ஒரு மாணவன் ‘நீர்த்த அமிலம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கலப்பட அமிலம்’ என்று எழுதியிருந்தான். தவறு என்று சுழித்தேன். தாளை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். “மிஸ், பால்ல தண்ணி ஊத்துனா கலப்படம்னுதானே சொல்றோம்? அமிலத்துக்கு மட்டும் ஏன் வேற வார்த்தை?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டபோது சக ஆசிரியர் ஒருவர், “நீர்த்தல் என்பதே டைல்யூட்டுக்காகப் பாடப்புத்தகத்தில் உண்டாக்கிய சொல், அதற்கு வேர் கிடையாது” என்றார். அது உண்மையா? பையனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவன் கேட்டது நல்ல கேள்வி. முப்பது வருஷமாகப் பாடநூல்களையும் மொழிபெயர்ப்புப் பிரதிகளையும் திருத்துவதுதான் என் வேலை. ‘நீர்த்த’ என்ற சொல்லை எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பேனோ தெரியாது. இப்படி ஒரு கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டதில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு நாலைந்து நாள் இதே யோசனைதான்.

முதலில் சக ஆசிரியர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். நீர்த்தல் பாடப்புத்தகத்தில் பிறந்த சொல் இல்லை. உங்கள் வீட்டு அடுக்களையிலேயே அது இருக்கிறது. “மாவு ரொம்ப நீர்க்க இருக்கு, தோசை கல்லை விட்டு எழும்பாது” என்று சொல்கிறோம். “ரவா தோசைக்கு மட்டும் நீர்க்கக் கரைக்கணும்” என்கிறோம். இதைச் சொல்கிறவர்கள் யாரும் டைல்யூட்டை மனதில் வைத்துச் சொல்வதில்லை. நீர் என்ற பெயரே வினையாகிறது. தளிர் தளிர்க்கிறது, துளிர் துளிர்க்கிறது, உயிர் உயிர்க்கிறது. அந்த வரிசையில்தான் நீர் நீர்க்கிறது. கெட்டியாக இருக்க வேண்டியது தண்ணீரின் தன்மைக்குப் போய்விட்டது என்பதுதான் பொருள். பாடநூல் எழுதியவர்கள் வீட்டில் கிடந்த சொல்லை எடுத்து ஆய்வகத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

தன்மை என்று சொன்னேன் இல்லையா, அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழந்தமிழில் நீர் என்பதற்கே இயல்பு, தன்மை என்ற பொருள் உண்டு. நீர்மை என்றால் குணம். திருக்குறள் 782-இல் ‘நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப் பின்னீர பேதையார் நட்பு’ என்று வருகிறது. இதில் மூன்று முறை வரும் ‘நீர்’ குடிக்கும் தண்ணீர் கிடையாது. அறிவுடையவர் நட்பு வளர்பிறை போல நிறையும் தன்மையது, பேதையின் நட்பு முழுநிலா தேய்வது போலப் பின்வாங்கும் தன்மையது என்பது கருத்து. ஊற்றும் இடத்தின் வடிவத்தையும் நிறத்தையும் எடுத்துக்கொள்ளும் பொருளின் பெயரே ‘இயல்பு’ என்பதற்கும் பெயராக இருந்திருக்கிறது. எனக்கு இது இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. உங்கள் மாணவனுக்கு இந்தக் குறளைக் கட்டாயம் காட்டுங்கள்.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. டைல்யூட் என்பது லத்தீனில் ‘கழுவு’ என்ற பொருள் உள்ள வினையிலிருந்து வந்தது. கழுவிக் கழுவிக் கரைத்துவிடுவது என்ற கருத்து. ஊழிவெள்ளத்தைக் குறிக்கும் டெல்யூஜ் என்ற சொல்லும் அதே குடும்பம். தமிழ்ச் சொல்லில் கழுவலே இல்லை. பக்கத்தில் மலையாளத்தைப் பாருங்கள், அங்கே நீர்த்த அமிலத்துக்கு ‘நேர்ப்பிச்ச’ அமிலம் என்கிறார்கள். நேர்த்தது என்றால் அவர்களுக்கு மெலிந்தது, சன்னமானது. ஆங்கிலம் கழுவுகிறது, மலையாளம் மெலிய வைக்கிறது, தமிழ் நீராக்குகிறது. மூன்றும் மூன்று வழி. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் இப்படி இருக்காது.

சரி, இனி பையனின் கேள்வி. இதற்கு என் அம்மாவைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

நான் சின்னவனாக இருந்தபோது நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறப்பார். அம்மா எதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள். கறப்பதற்கு முன் முதல் வேலை, “சொம்பைக் கவுத்துக் காட்டுப்பா” என்பது. அடியில் கொஞ்சம் தண்ணீரை விட்டுக்கொண்டு அதன் மேல் நுரை பொங்கக் கறந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அதற்குத்தான் கவிழ்ப்பது. கறந்து முடித்ததும் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சாய்ப்பாள். நல்ல பால் என்றால் மெதுவாக இறங்கும், பின்னால் ஒரு வெள்ளைத் தடம் விட்டுக்கொண்டே போகும். தண்ணீர்ப் பால் தடமில்லாமல் வழுக்கி ஓடிவிடும். என்றைக்காவது அது ஓடிவிட்டால் அன்று தெருவே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

அப்படிச் சண்டை போட்டு வாங்கிய பாலை உள்ளே எடுத்துவந்து அவள் முதலில் என்ன செய்வாள் தெரியுமா? பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, அதன் மேல் பாலை ஊற்றி அடுப்பில் வைப்பாள். அடிப்பிடிக்காமல் இருக்க. மாசக் கடைசி என்றால் கால் டம்ளர் அரை டம்ளராகும்.

பால்காரர் ஊற்றியதும் தண்ணீர்தான், அம்மா ஊற்றியதும் தண்ணீர்தான். அளவில் கூட அம்மாவுடையது அதிகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் செய்ததற்குக் கலப்படம் என்று பெயர், இவள் செய்ததற்கு அப்படி ஒரு பெயரை யாரும் வைக்க மாட்டார்கள். உங்கள் மாணவனுக்கான பதில் இதற்குள் இருக்கிறது. கலப்படம் என்பது தண்ணீரைப் பற்றிய சொல்லே இல்லை. மறைப்பைப் பற்றிய சொல். வாங்குகிறவருக்குத் தெரியாமல், அதன் பெயரிலேயே, அதன் விலைக்கே விற்பதற்காகக் கலந்தால்தான் கலப்படம். ஆய்வகத்துப் புட்டியின் மேல் ‘நீர்த்த’ என்று நீங்களே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதைப் புட்டியே சொல்லிவிடுகிறது. அங்கே ஏமாறுவதற்கு யாரும் இல்லை.

பால் பாக்கெட்டிலும் இதைக் காட்டலாம். ஆவின் நீலப் பாக்கெட்டில் ‘சமன்படுத்திய பால்’ என்று அச்சிட்டிருக்கும். கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம். கொழுப்பு கூடுதலான எருமைப்பாலில் கொழுப்பு நீக்கிய பால்தூளும் தண்ணீரும் சேர்த்து, அதே பாலை நிறையப் பேருக்கு, குறைந்த விலையில் கொடுக்கலாம் என்று 1940-களில் பம்பாயில் தாரா குரோடி என்ற பால்வள நிர்வாகி நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது இந்த வகைப் பால். சென்னைக்கும் அது வந்து சேர்ந்தது. பாலின் கெட்டித்தன்மையைக் கலந்து குறைக்கும் வேலைதான். அளவைப் பாக்கெட்டில் போட்டுவிட்டதால் அதற்குச் ‘சமன்படுத்துதல்’ என்ற மரியாதையான பெயர் கிடைத்தது. பையனை வீட்டிலிருந்து ஒரு காலிப் பாக்கெட்டைக் கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள், வகுப்பிலேயே படித்துக்காட்டலாம்.

கலப்படம் என்ற சொல்லின் அமைப்பைக் கேட்டால், கட்டு என்பதிலிருந்து கட்டடம், ஒற்று என்பதிலிருந்து ஒற்றடம் வந்தது போல, கலப்பு என்பதிலிருந்து கலப்படம். கலப்பு என்ற அளவில் அதற்குக் கெட்ட பெயர் எதுவும் இல்லை. நம் பழைய கவிதையில் நெஞ்சங்கள் கலக்கின்றன, பாலும் தேனும் கலக்கின்றன, எல்லாம் இனிமைதான். ‘அடம்’ சேர்ந்த பிறகுதான் சொல் முகம் மாறி நிற்கிறது. சந்தையும் சட்டமும் அதை அந்தப் பொருளில் கெட்டியாக்கிவிட்டன. சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத்தைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் நாடு முழுமைக்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். அதை நீக்கிவிட்டு வந்த 2006-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயம் என்று பெயர் வைத்தார்கள். தலைப்பிலிருந்து கலப்படம் போய்விட்டது. மக்கள் வாயிலிருந்து போகவில்லை. ஆங்கிலத்தில் இதற்குள்ள அடல்ட்ரேட் என்ற சொல்லும் லத்தீனில் ‘வேறு’ என்ற பொருள் தரும் சொல்லோடு சேர்ந்தது. ஒன்றை வேறாக்கிக் கெடுப்பது. அங்கேயும் பழி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. விளாவுதல். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தவலையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதை மொண்டு வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் சேர்த்து, கையை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி, உடம்பு பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவதுதான் விளாவுவது. “பார்த்து விளாவுடி, குழந்தைக்குச் சுடப்போறது” என்று பாட்டி குரல் கொடுப்பாள். ரசத்திலும் இதே சொல் வரும். புளித்தண்ணீர் கொதித்துப் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீரை விட்டு விளாவி, நுரை கட்டியதும் இறக்குவார்கள். இங்கேயும் ஒன்றின் வேகத்தை இன்னொன்றைக் கலந்து குறைக்கிறோம். ஆனால் குறைந்தது என்ற வருத்தம் அந்தச் சொல்லில் துளியும் கிடையாது. பதம் வந்தது என்ற திருப்திதான் இருக்கிறது. கீசர் வந்த பிறகு சென்னை வீடுகளில் குழாயிலேயே வெந்நீரும் தண்ணீரும் கலந்து விழுகின்றன. விளாவுவதற்கு வேலை இல்லை, அதனால் சொல்லும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். ரசத்தையாவது விளாவிக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குக் கூடப்பிறந்தது போன்ற சொல் அளாவுதல். ‘அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்’ என்ற 64-ஆம் குறள் எல்லோருக்கும் தெரியும். குழந்தை கையை விட்டுத் துழாவிய கூழ். அதைக் கலப்படம் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? இரண்டு பேர் மனம் விட்டுப் பேசுவதை அளவளாவுதல் என்கிறோமே, அதிலும் இந்தக் கலத்தல்தான் இருக்கிறது.

குறளைத் தொட்டதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் 1000-ஆம் குறளை எடுத்துக்கொண்டு வருவார். ‘பண்பிலான் பெற்ற பெருஞ்செல்வம் நன்பால் கலந்தீமை யால்திரிந் தற்று.’ நல்ல பாலில் தீமை கலந்ததால் திரிந்தது என்று மேடையிலேயே பொருள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. ‘கலந்து’ இல்லை அங்கே, ‘கலம்’. கலத்தின் தீமையால், அதாவது பாத்திரத்தின் கேட்டினால் பால் திரிந்தது. தண்ணீர் கலந்தால் பால் நீர்க்கும், திரியாது. பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டால்தான் திரியும். வள்ளுவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் நம் வீட்டில் “பால் திரிஞ்சுபோச்சு” என்று அதே வினையில்தான் சொல்கிறோம்.

உங்கள் பாடத்துக்கு நேராகத் தேவைப்படும் ஒன்று: நீற்றிய சுண்ணாம்பு. இதைச் சிலர் ‘நீர்த்த சுண்ணாம்பு’ என்று எழுதுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளிக்கிறோம், ஆகவே நீர்த்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தண்ணீர் பட்டதும் சுட்ட சுண்ணாம்பு சீறி, சூடேறி, பொடிந்து மாவாகிறதே, அந்தப் பொடிக்குத்தான் நீறு என்று பெயர். திருநீற்றில் இருக்கும் அதே நீறு. நீறாக்குவது நீற்றுவது. அங்கே நடப்பது வேதிவினை, வேறு ஒரு பொருளே உண்டாகிறது. நீர்த்த அமிலத்தில் இருப்பது அதே அமிலம்தான், செறிவு மட்டும் குறைந்திருக்கிறது. ஒரு எழுத்து மாறினால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள். ‘நீறு பூத்த நெருப்பு’ என்பதை ‘நீர் பூத்த நெருப்பு’ என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டு, புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீர் பூத்தால் நெருப்பு அணைந்துவிடாதா? சாம்பல் மூடிய கனல் என்றால்தான் உவமைக்கு உயிர்.

சக ஆசிரியர் சொன்னதில் ஒரு பங்கு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ‘சட்டம் நீர்த்துப்போகிறது’, ‘போராட்டம் நீர்த்துப்போனது’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது அதிகமானதில் ஆங்கிலச் செய்தியின் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். 2018 மார்ச்சில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சட்டத்தை நீர்த்துப்போகச் செய்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அந்த மாதங்களில் இந்தத் தொடர் இல்லாத நாளிதழே இல்லை. நல்ல உருவகம்தான், எனக்கு அதில் புகார் கிடையாது. ஆனால் நீர்த்துப்போதல் தன்வினை என்பதை மறந்துவிடக் கூடாது. ‘சட்டம் நீர்த்துப்போனது’ என்று எழுதினால், வெயிலில் வைத்த வெண்ணெய் போல அது தானாகவே இளகியது என்று ஆகிறது. தண்ணீர் ஊற்றிய கை காணாமல் போய்விடுகிறது. கலப்படத்துக்கு அந்த வசதி இல்லை, ‘யார் செய்தது’ என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். அதனால் யாரோ ஒருவர் செய்த காரியம் என்றால் ‘நீர்த்துப்போகச் செய்தார்’ என்று ஆளைச் சேர்த்து எழுதுங்கள் என்று என்னிடம் பிரதி கொடுக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறம், ‘நீர்த்துப்போன’ என்பதில் ப் விடக் கூடாது. ‘நீர்த்து போன’ பிழை.

கலந்தால் எல்லாமே பலம் குறைந்துவிடும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டாம். சொக்கத் தங்கத்தில் வளையல் செய்தால் கையில் போட்ட வேகத்தில் நெளியும். செம்போ வெள்ளியோ சேர்த்தால்தான் உறுதி வரும். 916 முத்திரை என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று சொல்வது. இதில் மாற்றுக் குறைந்தாலும் உழைப்புக் கூடுகிறது. மோரும் அப்படித்தான். சித்திரை வெயிலில் தெருமுனைப் பந்தலில் கெட்டி மோரைக் கொடுத்தால் தாகம் அடங்காது. தண்ணீரைத் தாராளமாக விட்டு, உப்பும் பெருங்காயமும் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட நீர்மோர்தான் வேண்டும். மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாடவீதியில் அதை வாங்கிக் குடிக்கிற யாரும் மோர் நீர்த்துவிட்டதே என்று முகம் சுளிப்பதில்லை. நீர் என்பது அதன் பெயரிலேயே முன்னால் நிற்கிறது.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். ‘கலப்பட அமிலம்’ என்பதற்கு மதிப்பெண் கொடுக்க முடியாது, நீங்கள் சுழித்தது சரி. வேறு ஏதோ மலிவான திரவத்தைச் சேர்த்து அமிலம் என்று விற்றால் அதைத்தான் அப்படிச் சொல்லலாம். ஆனால் அவன் கேட்ட கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒரு வகுப்பு முழுக்கப் பேசுங்கள். பால் பாக்கெட், தோசை மாவு, ரசம், வளையல், மோர் என்று பிள்ளைகளே எடுத்துக்கொடுப்பார்கள். நீங்கள் பேச வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்த முறை ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கும்போது அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாலுக்குச் சொம்பில் முதலில் தண்ணீர் இருந்தால் திருட்டு, அமிலத்துக்கு முதலில் தண்ணீர் இருந்தால்தான் பாதுகாப்பு என்று காட்டுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும், அடர் அமிலத்தில் தண்ணீரை விட்டால் சூடேறித் தெறிக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். அமிலத்தை நீங்கள் ஊற்றுங்கள், சீட்டை அவன் எழுதட்டும்: ‘நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்’ என்ற பெயர், எவ்வளவு நீரில் எவ்வளவு அமிலம் என்ற அளவு, தயாரித்த தேதி. எழுதியதை அவன் கையாலேயே புட்டியில் ஒட்டச் சொல்லுங்கள்.